ரயிலா, காரா?

ஐரோப்பாவுக்குப் போவதென்று தீர்மானம் செய்வது சுலபம். கையில் பணம் சேர வேண்டும். விசா கிடைக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை வர வேண்டும். இந்த மூன்றும் கூடிவிட்டால் பிரயாணம் நிச்சயமான மாதிரிதான். வீட்டில் வழக்கு ஆரம்பமாவது அதற்குப் பிறகு. அங்கே போய் இறங்கியதும் ஊர் விட்டு ஊர் எதில் போவது? ரயிலிலா, காரிலா?

"கார்தான் சௌகரியம். நினைத்த நேரத்தில் கிளம்பலாம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம். யாரையும் கேட்க வேண்டாம்" என்பார் வீட்டுக்காரர்.

"யாரையும் கேட்க வேண்டாம், வாஸ்தவம். வழி மட்டும் என்னைத்தானே கேட்பீர்கள்?" என்பாள் மனைவி.

"ரயிலில் சாப்பாட்டு வண்டி இருக்குமா, அப்பா?" என்று பையன் தன் கவலையைச் சொல்வான்.

"எதில் வேண்டுமானாலும் அழைத்துக்கொண்டு போடா. ஆனால் என்னால் படி ஏற முடியாது" என்று பாட்டி முன்கூட்டியே சொல்லி வைப்பாள்.

நால்வர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆகையால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு கட்சிகளையும் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம். விசாரணைக்கு வசதியாக ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அப்பா, அம்மா, 10 வயதுப் பெண், 7 வயதுப் பையன், 68 வயதுப் பாட்டி, ஆக ஐந்து பேர். கையில் 14 இரவுகள். பாரிஸ், ஸ்விட்ஸர்லாந்தின் மலைகள், வெனிஸ், பிளாரன்ஸும் அதைச் சுற்றியுள்ள டஸ்கனிக் கிராமங்களும், கடைசியில் ரோம். முதல் தடவை போகிறவர்கள் பலர் போடும் திட்டம் ஏறக்குறைய இதுதான்.

பழைய போட்டி

ஐரோப்பாவில் ரயிலுக்கும் மோட்டாருக்கும் உள்ள போட்டி இன்று நேற்று ஏற்பட்டதல்ல. ஐரோப்பிய ரயில்கள் அத்தனைக்குமான கால அட்டவணையைத் தாமஸ் குக் கம்பெனியார் 1873-ஆம் ஆண்டில் புத்தகமாகப் போட ஆரம்பித்தார்கள். 2013-இல் அவர்கள் நிறுத்திய பிறகும், அடுத்த ஆண்டே வேறு சிலர் அதை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். மோட்டார் வண்டிகளுக்கென்றே தனிச் சாலை என்ற ஏற்பாட்டை இத்தாலி 1924-இல் மிலான் நகரத்திலிருந்து ஏரிப் பிரதேசத்துக்குப் போட்டுக் காட்டியது.

பிற்பாடு இரண்டு பக்கத்திலும் வசதிகள் ஏறிக்கொண்டே போயின. 1959-இல், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்காக 'யூரெயில்' பாஸ் வந்தது. 1980-இல் ஸ்விட்ஸர்லாந்தின் காட்ஹார்ட் மலைக்கு அடியில் 16.9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கார்ச் சுரங்கம் திறந்தார்கள். 1981-இல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே பிரான்ஸின் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. 2016-இல் அதே காட்ஹார்ட் மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் வந்தது. உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம் அதுதான்.

இரண்டும் நன்றாக இருப்பதுதான் சங்கடம். ஒன்று மோசமாக இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லையே!

பின் ஸீட்டில் பாட்டி

முதலில் காரை எடுத்துக்கொள்வோம். 'ஐந்து பேர் உட்காரும் கார்' என்று வாடகைக்காரர்கள் சொன்னால் ஐந்து பேர் உட்காரலாம் என்றுதான் அர்த்தம். ஐந்து பேருடைய பெட்டிகளும் உட்காரும் என்று அர்த்தமில்லை. சாதாரணக் காரின் பின்புறத்தில் இரண்டு பெரிய பெட்டி, ஒரு சிறிய பெட்டி வைத்தால் கதவை மூடுவது சிரமம்.

இதோடு சட்டமும் குறுக்கே வருகிறது. இத்தாலியில் 150 சென்டிமீட்டர் உயரம் வளராத குழந்தைகளுக்கு அவர்களுக்குரிய தனி ஆசனம் போட்டாக வேண்டும். ஸ்விட்ஸர்லாந்தில் 12 வயது ஆகும் வரையில், அல்லது 150 சென்டிமீட்டர் வளரும் வரையில் அதே விதி. நம் 10 வயதுப் பெண்ணுக்கும் ஓர் ஆசனம், 7 வயதுப் பையனுக்கும் ஓர் ஆசனம். இரண்டையும் பின் ஸீட்டில் இரு புறமும் பொருத்திய பிறகு நடுவில் மிச்சமாகும் இடம் பாட்டிக்கு! நமது ஊரில் கல்யாண வண்டியில் பத்து நிமிஷம் அப்படி உட்காரலாம். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும் வரை உட்கார முடியுமா?

ஆகவே ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டியாக எடுக்க வேண்டும். அதற்கு வாடகை அதிகம், பெட்ரோல் அதிகம், பழைய ஊர்களின் குறுகிய தெருக்களில் அதை நிறுத்த இடம் தேடுவது தனி வேலை. குழந்தைகளின் ஆசனத்துக்கும் பெரும்பாலும் தினசரி வாடகை உண்டு. 'கார் வாடகை இவ்வளவுதான்' என்று விளம்பரத்தில் கண்ட தொகை இதற்குள் எங்கேயோ போயிருக்கும்.

வண்டி ஓட்டுகிறவரின் பாடு

நமது ஓட்டுநர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே தருகிறார்கள். ஒரு வருஷம் செல்லும். இது கிடைப்பதில் கஷ்டமில்லை. கஷ்டம் அங்கே போய் ஓட்டுவதில் இருக்கிறது.

பிரிட்டன், அயர்லாந்து, மால்ட்டா, சைப்ரஸ் இந்த நான்கையும் தவிர ஐரோப்பாவில் வண்டிகள் சாலையின் வலது பக்கமாகவே போகின்றன. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். கியர் மாற்ற வலது கை. நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் திரும்பும் விளக்குக்கான பிடி வலப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அது இடப் பக்கத்தில். ஆகையால் முதல் நாள் ஒவ்வொரு முனையிலும் அப்பா விளக்குப் போட நினைப்பார். வானத்தில் மேகமே இல்லாத வேளையில் வைப்பர் ஆடத் தொடங்கும். குழந்தைகள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்க மாட்டார்.

பிரான்ஸில் வேறு அறிவிப்பு இல்லாத சந்திப்புகளில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்பது விதி. சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அவருக்குத்தான் முதல் உரிமை. பெட்ரோல் பங்கில் 'காஸோல்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தால் அது டீஸல். பெட்ரோல் காரில் அதை ஊற்றிவிட்டால் அன்றையப் பிரயாணம் அங்கேயே முடிந்தது. இந்தக் குழப்பம் தீர 2018-இல் ஐரோப்பாவில் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் எழுத்து. டீஸலுக்குச் சதுரத்துக்குள் எழுத்து. பங்கிலும் வண்டியின் எண்ணெய் மூடியிலும் ஒரே அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

சாலைக் கட்டணம் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு விதம். பிரான்ஸிலும் இத்தாலியிலும் பெரிய நெடுஞ்சாலைகளில் ஓடிய தூரத்துக்குத் தகுந்தபடி சுங்கம். ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு வில்லை வாங்க வேண்டும். அது முழு வருஷத்துக்கும் 40 பிராங்க். ஒரே நாள் அந்தச் சாலையில் போனாலும் 40 பிராங்க்தான். ஜெர்மனியில் கார்களுக்குக் கட்டணமே இல்லை. பிரான்ஸில் சில நெடுஞ்சாலைகளில் இப்போது சுங்கச் சாவடியே கிடையாது. வண்டி எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். 72 மணி நேரத்துக்குள் நாமே தேடிப் போய்க் கட்டிவிட வேண்டும். சாவடி இல்லையே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போகிறவருக்குப் பிறகு அபராதம் வரும்.

இத்தாலியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பிளாரன்ஸ் முதலிய பல ஊர்களின் பழைய பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். எல்லையில் ஒரு பலகையும் ஒரு காமிராவும் இருக்கும். காவல்காரர் யாரும் இருக்க மாட்டார். தடுக்க ஆளில்லை என்று உள்ளே நுழைந்துவிட்டால், நாம் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும். ஒரே நாளில் மூன்று தடவை அந்தக் காமிராவைத் தாண்டியிருந்தால் மூன்று சீட்டு! விலாசத்தை எடுத்துக் கொடுத்த சிரமத்துக்காக வாடகைக் கம்பெனியார் தனியாக ஒரு தொகை பிடித்துக்கொள்வார்கள்.

விடுமுறை யாருக்கு?

இந்தக் கஷ்டங்கள் எல்லாம் பழகினால் சரியாகிவிடும். ஆனால் பழகினாலும் தீராத ஒன்று இருக்கிறது. அதை வீட்டுப் பெண்கள்தான் சட்டென்று கண்டுபிடிப்பார்கள்.

பாரிஸிலிருந்து ஸ்விட்ஸர்லாந்தின் இன்டர்லாகன் ஊருக்குச் சாலை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல். நிறுத்தாமல் போனாலே ஏறக்குறைய ஏழு மணி நேரம். குழந்தைகளுக்காகவும் பாட்டிக்காகவும் நிறுத்திப் போனால் ஒன்பது மணி நேரமாகிவிடும். அந்த ஒன்பது மணி நேரமும் அப்பாவின் கண் முன்னால் போகும் லாரியின் முதுகில்தான் இருக்க வேண்டும். மலை வந்தாலும் ஏரி வந்தாலும் "அதோ பாருங்கள், அப்பா!" என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டுக்கொள்ளலாமே தவிர, பார்க்கக் கூடாது.

பக்கத்து ஸீட்டில் அம்மா. வழி சொல்வது அவள் வேலை. சுங்கச் சீட்டை எடுத்து வைப்பது அவள் வேலை. பின்னால் நடக்கும் சண்டையைத் தீர்ப்பது, பிஸ்கட் கொடுப்பது, வாந்தி வருமென்று சொன்னால் பையைத் தேடுவது, அப்பா தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. வழி தவறினால் குற்றவாளியும் அவளே. ஆக, ஐந்து பேர் விடுமுறைக்கு வந்தார்கள். இரண்டு பேர் டியூட்டி பார்க்கிறார்கள்.

ரயிலிலே என்ன நடக்கிறது? பாரிஸின் லியோன் ஸ்டேஷனில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் பாஸெல். அங்கே வண்டி மாறினால் இரண்டு மணி நேரத்தில் இன்டர்லாகன். மாறும் நேரத்தையும் சேர்த்து ஐந்தரை மணி. அந்த நேரத்தில் அப்பா குழந்தைகளுடன் சீட்டாடலாம். அம்மா ஒரு பத்திரிகையைப் படிக்கலாம். படிக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். கடைசியாக எப்போது அப்படி உட்கார்ந்தாள் என்று அவளையே கேட்டுப் பாருங்கள்! பாட்டி காலை நீட்டிக்கொள்வாள். கழிப்பறை பத்தடியில் இருக்கிறது. கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரித்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தயிரும் ரொட்டியும் பழமும் பெரிய ஸ்டேஷன்களிலேயே கிடைக்கின்றன. நம் ஊரிலிருந்து மட்டும் நெய்யும் பால் இனிப்பும் கொண்டுபோக வேண்டாம். வெளிநாட்டுப் பால் பொருள்களையும் மாமிசப் பொருள்களையும் பிரயாணிகள் கொண்டு வர ஐரோப்பிய யூனியனில் அனுமதி இல்லை.

ரயில் கொண்டுபோய் விடும் இடத்தையும் சொல்ல வேண்டும். வெனிஸ் நகரில் கார்கள் ஊர் முனையில் நின்றுவிடும். அதற்கு மேல் சாலையே கிடையாது. ரயிலோ கடல் மேல் பாலத்தில் ஓடி ஸான்டா லூசியா ஸ்டேஷனில் போய் நிற்கிறது. வாசலுக்கு வந்தால் எதிரே பெரிய கால்வாய்! படகு நிற்கிறது. ஸ்விட்ஸர்லாந்தின் வெங்கன், மூரென், ஸெர்மாட் ஆகிய மலை ஊர்களுக்கு வெளியூர்க் கார்கள் போக முடியாது. ஸெர்மாட்டுக்குப் போகிறவர்கள் டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறுகிறார்கள். காரை எடுத்தும் ரயிலில் போவானேன்?

ரயிலுக்கும் குறை உண்டு

ரயில் பக்கமே பேசிக்கொண்டிருந்தால் வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். எதிர்க் கட்சியையும் கேட்போம்.

முதல் குறை, சாமான். அங்கே போர்ட்டர் என்று கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். இடை ஸ்டேஷன்களில் வண்டி நிற்பது இரண்டு மூன்று நிமிஷம். அதற்குள் ஐந்து பேரும் இறங்கி, ஐந்து பெட்டியும் இறங்க வேண்டும். ஸ்விட்ஸர்லாந்தின் லாட்டர்புருன்னன் கிராமத்திலிருந்து வெனிஸ் போவதென்றால் இன்டர்லாகன், ஷ்பீட்ஸ், மிலான் என்று மூன்று இடத்தில் மாற வேண்டும். ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஒவ்வொரு மாற்றத்திலும் அம்மா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தால், காரில் செய்த டியூட்டி வேறு உருவத்தில் வந்துவிட்டதாகத்தான் அர்த்தம்.

இதற்கு மருந்து ஒன்றுதான். அவரவர் பெட்டியை அவரவரே படியேற்ற முடிய வேண்டும். தூக்க முடியாத பெட்டிக்குப் பிரயாணத்தில் இடமில்லை. பையனுக்கு ஒரு முதுகுப் பை. பெண்ணுக்கு ஒரு சிறிய சக்கரப் பெட்டி. பாட்டிக்குக் கைப்பை மட்டும். பெட்டி எண்ணும் உத்தியோகத்தை 10 வயதுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிடலாம்; வெகு கண்டிப்பாகச் செய்வாள். பாட்டியால் படி ஏற முடியாவிட்டால், முன்கூட்டியே ரயில்வேக்காரர்களுக்குச் சொல்லி வைத்தால் ஏற்றி இறக்க உதவி செய்வார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

இரண்டாவது குறை, நேரம். ஐரோப்பா முழுவதும் கடிகார முள்ளைப் போல் ரயில் ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஸ்விட்ஸர்லாந்தைப் பொறுத்த வரையில் அது சரி. ஜெர்மனியில் 2024-ஆம் ஆண்டு நெடுந்தூர ரயில்களில் நூற்றுக்குச் சுமார் 62 தான் நேரத்துக்கு வந்தன. ஆறு நிமிஷத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாமல் போட்ட கணக்கு இது! இத்தாலியிலும் பிரான்ஸிலும் வேலை நிறுத்தங்கள் வருவதுண்டு. பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள் என்பது ஓர் ஆறுதல். காட்ஹார்ட் ரயில் சுரங்கமே 2023 ஆகஸ்டில் ஒரு சரக்கு வண்டி தடம் புரண்டதால் சேதமடைந்து, முழுமையாகத் திறக்க 2024 செப்டம்பர் வரை பிடித்தது.

ஐரோப்பிய யூனியனில் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கட் பணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பணம் வரும், ஆனால் தவறவிட்ட அடுத்த வண்டி வராது. ஆகையால் நாளின் கடைசி ரயிலை நம்பித் திட்டம் போடக் கூடாது. மாறும் இடத்தில் பத்து நிமிஷம் போதுமென்று அட்டவணை சொன்னாலும், பாட்டியும் குழந்தைகளும் இருக்கையில் அரை மணி நேரம் வைத்துக்கொள்வது உத்தமம்.

சாலை மட்டும் எப்போதும் காலியாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்ஸில் போக்குவரத்து நெரிசலை நாள்வாரியாகப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் போட்டு அறிவிக்கிறார்கள். ஆகஸ்டு மாதத் தொடக்கத்துச் சனிக்கிழமைகளில் கறுப்பு வருவது சகஜம். காட்ஹார்ட் கார்ச் சுரங்கத்தில் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசைதான். விடுமுறைச் சனிக்கிழமைகளில் அதன் வாசலில் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வண்டிகள் காத்து நிற்கும்.

செலவுக் கணக்கு

"இரண்டு பேர் போனால் ரயில் மலிவு, ஐந்து பேர் போனால் கார் மலிவு" என்று பொதுவாகச் சொல்வார்கள். குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

யூரெயில் பாஸ் 33 நாடுகளில் செல்லும். 4 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெரியவருடன் போனால் பாஸ் இலவசம். ஒரு பெரியவர் இரண்டு குழந்தைகளை அழைத்துப் போகலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி. நம் குடும்பத்தில் ஆக மூன்று பாஸ்தான் விலைக்கு. அதிலும் பாட்டிக்குச் சலுகை. ஒரு மாதத்துக்குள் ஏதாவது 4 நாள் பிரயாணம் செய்யும் பாஸ், 5 நாள், 7 நாள் பாஸ் என்றெல்லாம் உண்டு.

ஆனால் பாஸ் வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக ரயில்களில் இடம் பதிவு செய்ய ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம் உண்டு. இலவசப் பாஸ் உள்ள குழந்தைக்கும் உண்டு. பிரெஞ்சு அதிவேக ரயில்களில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்களும் குறைவு. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்ஸர்லாந்து ரயில்கள் பெரும்பாலானவற்றில் பதிவு கட்டாயமில்லை.

பாஸ் இல்லாமல் தனித்தனியாக டிக்கட் வாங்குவதென்றால், இரண்டு மூன்று மாதம் முன்னதாக வாங்குகிறவருக்கும் ரயிலடியில் போய் நின்று வாங்குகிறவருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். நம் குடும்பம் நெடுந்தூரம் போவது மொத்தம் நான்கே நாள். ஆகையால் பாஸின் விலையையும் முன்பதிவு டிக்கட்டுகளின் விலையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மளிகைக் கணக்கு எழுதிப் பழகிய கை இதைப் பத்து நிமிஷத்தில் செய்துவிடும். ஸ்விட்ஸர்லாந்துக்குத் தனியாக ஒரு சலுகை: அந்த நாட்டுப் பிரயாணப் பாஸை அப்பாவோ அம்மாவோ வாங்கினால் 6 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகள் அவர்களுடன் இலவசமாகப் போகலாம்.

கார்க் கணக்கில் மறக்கக் கூடாதவை: வாடகை, காப்பீடு, குழந்தை ஆசனங்கள், எண்ணெய், சுங்கம், நிறுத்துமிடக் கட்டணம், கிரெடிட் கார்டில் அவர்கள் பிடித்து வைக்கும் முன்பணம். இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று: ஒரு நாட்டில் எடுத்த காரை வேறு நாட்டில் விடுவது. பாரிஸில் எடுத்து ரோமில் விட்டால் அதற்கென்றே பல நூறு யூரோ கேட்கக்கூடும். காரை எடுத்த ஊரிலேயே திரும்ப விட்டால் இந்தச் செலவு மிச்சம். ஆனால் ரோமிலிருந்து பாரிஸுக்கு யார் திரும்ப ஓட்டுவது?

கார் ஜெயிக்கும் இடம்

இவ்வளவும் சொன்ன பிறகு, காரைத் தவிர வேறெதுவும் உதவாத இடங்களும் ஐரோப்பாவில் இருக்கின்றன என்பதைச் சொல்லாவிட்டால் பாவம்.

இத்தாலியின் டஸ்கனிப் பிரதேசம் அப்படிப்பட்டது. குன்றுக்குக் குன்று ஒரு பழைய ஊர். நடுவில் திராட்சைத் தோட்டம், ஒலிவ மரங்கள், பண்ணை வீடுகள். உயர்ந்த கல் கோபுரங்களுக்குப் பேர்போன ஸான் ஜிமிஞானோ ஊருக்கு ரயிலே கிடையாது. பொஜ்ஜிபொன்ஸி என்ற ஊரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பண்ணை வீடுகளில் பிரயாணிகளைத் தங்க வைக்கிறார்கள். பல இடங்களில் சமையலறையும் தருகிறார்கள். ஒரு வாரமாக ரொட்டி தின்று அலுத்துப்போன பாட்டிக்கு அங்கே ஒரு பிடி ரசம் சாதம் கிடைக்கும். ஆனால் அந்தப் பண்ணைக்குக் கார் இல்லாமல் போய்ச் சேர முடியாது. பிரான்ஸின் புரொவென்ஸ் கிராமங்கள், லுவார் நதிக்கரைக் கோட்டைகள், ஸ்காட்லாந்தின் மலைநாடு இவையும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

இங்கேயெல்லாம் கார் ஓட்டுவது நாள் முழுவதும் செய்யும் வேலையல்ல. காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி. வழி தவறினாலும் ஒரு திராட்சைத் தோட்டத்தில்தான் போய் நிற்போம். வண்டி ஓட்டுகிறவருக்கும் விடுமுறை உண்டு.

அந்த ஓட்டுகிறவர் அப்பாவாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் ஊரில் தினமும் ஆபீஸுக்குக் காரோட்டிக்கொண்டு போகும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாடகைப் பத்திரத்தில் இரண்டாவது ஓட்டுநராக அம்மாவின் பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும்; அவளும் சர்வதேச அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பெயர் எழுதாமல் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் காப்பீடு உதவாது. பெரும்பாலும் இதற்கு ஒரு கூடுதல் கட்டணம் கேட்பார்கள். யோசிக்காமல் கொடுத்துவிடலாம்.

தீர்ப்பு

ஆகவே "ரயிலா, காரா?" என்று முழுப் பிரயாணத்துக்கும் சேர்த்துக் கேட்பதே சரியில்லை. ஒவ்வோர் இரவும் எந்த ஊரில் படுக்கப் போகிறோம் என்று பார்த்துக் கேட்க வேண்டும். நகரத்தில் படுத்தால் ரயில். கிராமத்தில் படுத்தால் கார். நாடு விட்டு நாடு தாண்டுவதற்கு ரயில். ஒரே இடத்தைச் சுற்றுவதற்குக் கார்.

நம் குடும்பத்தின் 14 இரவுகளை இப்படிப் பிரிக்கலாம். பாரிஸில் 3 இரவு, கார் வேண்டாம். ரயிலில் ஸ்விட்ஸர்லாந்து போய் லாட்டர்புருன்னன் கிராமத்தில் 4 இரவு. மலை ரயில்கள் வாசலிலேயே இருக்கின்றன. ரயிலில் வெனிஸ், 2 இரவு. பிறகு இரண்டு மணி நேர ரயிலில் பிளாரன்ஸ். நகரத்தைப் பார்த்து முடித்த பிறகு, ஊருக்குள் நுழையாமல் விமான நிலையத்துக்குப் போய்க் காரை எடுத்துக்கொண்டு பண்ணை வீட்டில் 3 இரவு. அதே இடத்தில் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை மணி நேர ரயிலில் ரோம், 2 இரவு. எடுத்த இடத்திலேயே விடுவதால் கூடுதல் பணம் இல்லை. நெடுந்தூரம் ஓட்டும் கஷ்டம் இல்லை. அப்பாவின் ஆசையும் மூன்று நாள் நிறைவேறிவிடும். பெரிய வண்டியின் வாடகையும் மூன்று நாளோடு போகும்.

எப்படிப் போவதாக இருந்தாலும் ஒன்று மட்டும் வேண்டாம். இரவு முழுவதும் விமானத்தில் கண் விழித்துவிட்டு, விடியற்காலையில் இறங்கியதும் இறங்காததுமாகக் கார் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டாம். புதிய நாடு, புதிய பக்கம், தூக்கமில்லாத கண்: மூன்றும் சேரக் கூடாதவை.

டிக்கட்டுக்குப் பணம் கட்டுமுன் எல்லோரும் ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, திட்டத்தில் ஒவ்வொரு நாளாகப் படித்துக்கொண்டே வாருங்கள். "இன்றைக்கு வழி பார்ப்பது யார்? பெட்டி பார்ப்பது யார்? சும்மா இருப்பது யார்?" என்று கேட்டு, பெயரைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை செய்கிறவர் பத்தியில் ஒரே பெயர் 14 நாளும் வந்தால் அந்தத் திட்டத்தை மாற்றி எழுதுங்கள். அந்தப் பெயர் யாருடையதாக இருக்கும் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.